மேஸ்திரி படிக்க வேண்டிய புத்தகங்கள்

(மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை)



கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஹாபி என்ன?" நம்ம ஆளும் தவறாமல் சொல்வான், "ரீடிங் புக்ஸ் சார்." அடுத்த கேள்வி, "கடைசியா என்ன படிச்சீங்க?" இங்கேதான் ஒட்டுமொத்த பாலிடெக்னிக் உலகமும் ஒரே குரலில் பேசும்: "அக்னிச் சிறகுகள் சார்!"

அப்துல் கலாம் ஐயாவின் அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் 1999-இல் வெளியாகி, பிறகு தமிழுக்கு வந்தது. நல்ல புத்தகம், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அட்டையைத் தாண்டவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். தாண்டியிருந்தால் 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதியைப் பற்றி ஒருத்தனாவது பேசியிருக்க வேண்டுமே! அன்றைக்குத்தான் எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பி, சில நிமிடங்களில் வங்கக் கடலில் போய் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம கலாம்தான். அடுத்த வருடம் 1980 ஜூலை 18-இல் அதே எஸ்.எல்.வி-3 ரோகிணியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. நாலு பேப்பர் அரியர் விழுந்தவனுக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் வேண்டிய பக்கங்கள் அவைதான். அதை விட்டுவிட்டு அட்டைப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம்.

"சரிடா மாப்ள, கதைப் புத்தகம் சோறு போடுமா? போர்டு எக்ஸாம்ல வருமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் பாதி வீட்டில் அப்பா கொத்தனார், டிரைவர், தறி ஓட்டுகிறவர், இல்லையென்றால் விவசாயக் கூலி. மூணு வருஷத்தில் படிப்பை முடித்து, பிள்ளை சம்பளம் கொண்டுவருவான் என்று அவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலைமையில் நாவலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏச்சு விழத்தான் செய்யும்.

ஆனால் நண்பர்களே, நாம் என்ன வேலைக்குப் போகப் போகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். மேலே பி.இ. படித்த எஞ்சினியர். கீழே கை காய்த்துப்போன தொழிலாளி. நடுவில் நாம். டிராயிங்கை மேலே இருந்து வாங்கி, கீழே இருப்பவருக்குப் புரியும்படி சொல்லி, வேலையை வாங்கி, மேலே கணக்குக் கொடுக்க வேண்டும். "சூப்பர்வைசர்" என்று அடையாள அட்டையில் அச்சடித்துத் தருவார்கள். பழைய பெயர் மேஸ்திரி! டிராயிங்கைப் படிக்க மூணு வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆளைப் படிக்க எந்த செமஸ்டரில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இன்ப்ளான்ட் ட்ரெய்னிங்கில் ஒரு கட்டட வேலை நடக்கிற இடத்தில் நின்றோம். கம்பி கட்டுகிற அண்ணன் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். "சார், தூண் அடியில ரிங்கு தூரம் தூரமா கெடக்கு, நெருக்கிப் போட்ருவோமா?" என்று கேட்டார். சூப்பர்வைசருக்கு இருபத்திரண்டு வயது, நம்மைப் போல டிப்ளமா முடித்தவர். "சொன்ன வேலையை மட்டும் பாருடா" என்றார். சாயந்திரம் எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு அத்தனை தூணையும் அவிழ்த்துக் கட்டச் சொன்னார். அரை நாள் கூலி பிடித்தம் யாருக்குத் தெரியுமா? அந்தக் கம்பி கட்டுகிற அண்ணனுக்கு! அவர் ஒன்றும் பேசவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மறுபடி கம்பியை வளைக்க உட்கார்ந்துவிட்டார். அந்த சூப்பர்வைசரைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. இன்னும் ஒரே வருஷத்தில் அந்த இடத்தில் நிற்கப் போவது நாம்!

ஆகவே இந்த மலரைப் படிக்கிற உங்களுக்குச் சில புத்தகங்களைச் சொல்கிறேன். எல்லாமே வேலையைப் பற்றியவை, வேலை செய்கிறவரைப் பற்றியவை, பெரும்பாலும் நம்ம மண்ணைப் பற்றியவை. சிலது புதுசு, சிலது பழசு. பழசாக இருந்தால் என்ன, நமக்குப் புதுசுதானே!

மதுரைக்காரர்களுக்குப் பெருமாள் மேஸ்திரி வீதி தெரியும். கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கமும் உண்டு. யார் இந்தப் பெருமாள் மேஸ்திரி? கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒன்பது பேர் முழிப்பார்கள். மதுரையைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர் இருந்தது, எழுபத்திரண்டு கொத்தளங்களோடு. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்க உத்தரவு போட்டார். சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை என்று அறிவித்தார். அப்போது நில அளவை பார்த்தவர் பெயரில் மாரட் வீதி. வேலையை மேற்பார்த்த மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு? விளக்குத்தூண்! ஒரு கலெக்டர், ஒரு சர்வேயர், ஒரு மேஸ்திரி. மூன்று பேரும் ஊரில் இன்னமும் நிற்கிறார்கள். சுவரை இடித்த ஆயிரக்கணக்கான கைகளுக்கு மட்டும் வீதி இல்லை.

அந்தக் கைகளைப் பற்றிய புத்தகம் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008-இல் வந்தது, 2011-க்கான சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. இப்போது மதுரையின் எம்.பி.யாக இருப்பவர் எழுதியது என்பதால் கட்சிப் புத்தகமோ என்று ஒதுங்க வேண்டாம். ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். பார்த்தவுடனே "ஐயோ சாமி" என்றுதான் தோன்றும். மாலிக் கபூர் படையெடுப்பில் தொடங்கி 1910 வரை அறுநூறு வருஷக் கதை. ராஜாக்கள் வருகிற ஆரம்பப் பகுதி எனக்குக் கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது. படிக்க முடியாதவர்கள் அதைத் தாண்டிக் கோட்டை இடிக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள், ஒரு பாவமும் இல்லை! தாதனூர் என்கிற கிராமத்து மனிதர்கள் ஊரைக் காவல் காப்பதும், களவுக்குப் போவதும், ராத்திரியை அவர்கள் படிக்கிற விதமும்... சர்வே கேம்ப் போய் வந்த நமக்குத் தெரியும், ஒரு நிலத்தைக் கண்ணால் அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று. இருட்டில் அளக்கிறார்கள் இவர்கள்!

வெள்ளைக்காரன் வந்து காவலையும் பறித்துக்கொண்டு, கடைசியில் ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளி என்று எழுதிவைத்தான். நாவல் 1910-ஓடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததை உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கத்து நண்பர்களிடம் கேளுங்கள். கைரேகைச் சட்டம் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் அது போனது. ஒருவன் எந்த ஊர், எந்த ஆள் என்று கேட்டே அவனைப் பற்றி முடிவு கட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இந்த நாவலைப் படித்தால் கொஞ்சம் பிடிபடும். வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நாளைக்கு நாமும் உட்காருவோம். அப்போது அது நினைவுக்கு வர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சிவில்காரன் என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டி முழக்குவேன், மெக்கானிக்கல் அண்ணன்மார்கள் பொறுத்துக்கொள்ளவும்.

தேனி, கம்பம் பக்கத்திலிருந்து வருகிற நண்பர்களின் வீட்டில் சாமி படத்தோடு பென்னிகுக் படமும் மாட்டியிருக்கும். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அன்றைக்குப் பொங்கல் வைக்கிற ஊர்களும் உண்டு. முல்லைப் பெரியாறு அணை வேலை 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறந்தார்கள். மேற்கே ஓடிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து, ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிட்ட வேலை. பேரணையில் பிரிந்து வருகிற பெரியாறு கால்வாய்த் தண்ணீரில்தான் மேலூர் வரைக்கும் நடவு நடக்கிறது. அணையைக் கட்டியபோது போர்ட்லேண்ட் சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும்தான்! நம்ம கான்கிரீட் டெக்னாலஜி புத்தகத்தில் சுர்க்கிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் ஐந்து மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது.

"பென்னிகுக் சொந்தச் சொத்தை வித்து அணையைக் கட்டுனாரு" என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் நானே கை தட்டல் வாங்கியிருக்கிறேன். பெரியாறு சென்னை மாகாண அரசின் திட்டம். அரசுப் பணத்தில், எஞ்சினியர்கள் பலரும் ஆயிரக்கணக்கான கூலிகளும் சேர்ந்து கட்டியது. பென்னிகுக்கின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது. வெள்ளம் வந்து வேலையை அடித்துக்கொண்டு போகப் போக, மறுபடி மறுபடி கட்டிய மனுஷன் அவர். எனக்கு உறுத்துவது வேறு. சொத்தை விற்ற கதையில் ஒரே ஒரு தியாகி மிஞ்சுகிறார். மலைக் காய்ச்சலில் செத்தவர்கள், பாறையைத் துளைத்தவர்கள், சுண்ணாம்பு சுமந்தவர்கள், அவர்களை விரட்டி வேலை வாங்கிய மேஸ்திரிகள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

அவர்களைத் திரும்பக் கொண்டுவருகிற நாவல் அ. வெண்ணிலா எழுதிய 'நீரதிகாரம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு புத்தகமானது. தொடர்கதைக்கே உரிய நீளம் அங்கங்கே உண்டு. ஆனால் ஒரு அணை என்பது டிராயிங் ஷீட்டில் இருக்கிற குறுக்குவெட்டுத் தோற்றம் மட்டும் கிடையாது, அது இரண்டு அரசாங்கங்களின் பேரம், ஒரு காட்டின் காய்ச்சல், கூலிக்கு வந்த குடும்பங்களின் பசி எல்லாம் சேர்ந்தது என்று புரியவைக்க இதைவிட நல்ல பாடம் நம் சிலபஸில் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886-இல் போட்ட 999 வருஷ ஒப்பந்தத்தைப் பற்றி டீக்கடையில் கத்துகிறோமே, கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை இதைப் படித்துவிட்டுக் கத்தலாம்.

ஆங்கிலம் கொஞ்சம் வருகிறவர்கள் இன்னொரு புத்தகத்தையும் எட்டிப் பாருங்கள். அணை கட்டிய எஞ்சினியர்களில் ஒருவரான ஏ.டி. மெக்கென்சி 1899-இல் எழுதிய பெரியாறு திட்ட வரலாறு. பழைய அரசாங்க வெளியீடு. எதைக் கொண்டு எப்படிக் கட்டினார்கள், எங்கே இடிந்தது, ஏன் இடிந்தது, காய்ச்சல் காலத்தில் ஆட்கள் எப்படி மலையை விட்டு இறங்கிப் போனார்கள் என்று அலட்டல் இல்லாமல் எழுதியிருக்கிறார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதத் தெரியாமல் சீனியருடையதை அப்படியே காப்பி அடிக்கிறோமே, ரிப்போர்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும்!

பெரிய அணையை விட்டுக் கண்மாய்க்கு வருவோம். சோ. தர்மனின் 'சூல்', 2019-க்கான சாகித்திய அகாதமி பரிசு. தூத்துக்குடி மாவட்டத்து உருளைக்குடி என்கிற கரிசல் கிராமம், அதன் கண்மாய், இவ்வளவுதான் கதை. மடைக்குடும்பன் என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது, எல்லாம் அவர் கணக்கு. பட்டமும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது. வருஷா வருஷம் ஊரே சேர்ந்து கரம்பை மண் அள்ளி ஆழப்படுத்தும். சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிறது. கருவேல முள் மூடுகிறது. தர்மன் கோபக்காரர். சில இடங்களில் அந்தக் காலம் எல்லாமே பொற்காலம் என்கிற மாதிரி எழுதிவிடுகிறார், அது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் யார் வயலுக்குத் தண்ணீர் கடைசியாகப் போனது என்றும் கேட்க வேண்டும் இல்லையா? ஆனாலும் புத்தகத்தை மூடிவிட்டு நம்ம ஊரைப் பாருங்கள். தல்லாகுளம், பீ.பீ. குளம், மாடக்குளம், உலகனேரி... பெயரில் குளமும் ஏரியும் இருக்கிறது. இடத்தில் என்ன இருக்கிறது? அங்கே லெவல் எடுத்துப் பிளான் போட்டுக் கட்டடம் எழுப்பியவர்களில் நம்ம சீனியர் அண்ணன்மார்களும் இருந்திருப்பார்கள்.

திண்டுக்கல்லுக்கு வாருங்கள். பூட்டும் பிரியாணியும்தான் நமக்குத் தெரிந்த திண்டுக்கல். டி. செல்வராஜ் காட்டுவது தோல் ஷாப்பு திண்டுக்கல். அவர் அந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். அவருடைய 'தோல்' நாவல் 2010-இல் வந்தது, 2012-க்கான சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. முன்பணம் வாங்கிய குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறது. கால் வெந்து போகிறது, கை வெந்து போகிறது, நாற்றம் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்த மனிதர்கள் சேர்ந்து சங்கம் வைக்கிற கதை. கெமிஸ்ட்ரி லேபில் சுண்ணாம்பு நீரைப் பார்த்திருக்கிறோம். அதில் தினமும் எட்டு மணி நேரம் நின்றால் மனுஷன் என்ன ஆவான் என்று எந்த ரெக்கார்டு நோட்டிலும் எழுதவில்லை. நடை கொஞ்சம் கரடுமுரடு. நம்ம வொர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடித்த கைக்கு அது பெரிய கஷ்டமாக இருக்காது.

இதோடு சேர்த்துப் படிக்க 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். பாலாவின் 'பரதேசி' (2013) இதிலிருந்து வந்ததுதான். நெல்லைச் சீமையில் பஞ்சம் பிழைக்க வழியில்லாத கருப்பனையும் வள்ளியையும் ஆசை காட்டி மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் யார் தெரியுமா? ஒரு மேஸ்திரி! தலைக்கு இவ்வளவு கமிஷன். படித்து முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. துரை கெட்டவன் என்று தெரிந்துகொள்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டு போனவன் நம்ம ஊர்க்காரன், நம்ம பாஷை பேசுகிறவன், "வாங்கண்ணே, நல்லா இருக்கலாம்" என்று சொன்னவன். இன்றைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம்ம பக்கத்து சைட்டுகளுக்கு ஆள் கூட்டி வருகிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்லிக் கூட்டி வருகிறார்கள் என்று விசாரித்திருக்கிறோமா?

டிப்ளமா முடித்தால் நம்மில் பல பேருக்கு அடுத்த கனவு சிங்கப்பூர், துபாய், கத்தார். பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் கூடவே ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் வந்த நாவல். இரண்டாம் உலகப் போர் சமயம், ஜப்பான்காரன் பிடித்த மலேயா, சுமத்ரா. வட்டிக்கடையில் வேலைக்குப் போன நம்ம பக்கத்துப் பையன்கள், நேதாஜி படை, கப்பல், சாராயக் கடை, விடிய விடியப் பேச்சு. மெடான் வீதியில் உட்கார்ந்துகொண்டு நம்ம மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார்கள். விடுதியில் முதல் வாரம் அழுதவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகப் புரியும்! முதல் ஐம்பது பக்கம் மலாய்ச் சொல், சீனச் சொல், பழந்தமிழ் எல்லாம் கலந்து மிரட்டும். விட்டுவிடாதீர்கள், பிறகு தானாக இழுத்துக்கொண்டு போகும்.

சிங்காரத்தின் வாழ்க்கையே ஒரு நாவல். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் மெடானுக்கு வேலைக்குப் போனார். போருக்குப் பிறகு திரும்பி வந்து, மதுரை தினத்தந்தியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். தங்கியது ஒய்.எம்.சி.ஏ. அறையில், தன்னந்தனியாக. மொத்தம் இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வந்தது, மற்றது இது. உயிரோடு இருந்தபோது ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1997 டிசம்பரில் இறந்தார். சேர்த்து வைத்த பணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார். நம்மைப் போன்ற பையன்களுக்கு! நாம் அவருடைய ஒரு புத்தகத்தையாவது திறந்து பார்க்க வேண்டாமா?

பெரிய புத்தகம் வேண்டாம், சின்னதாகச் சொல் என்கிறவர்களுக்கு: பாமாவின் 'கருக்கு'. 1992-இல் நம்ம மதுரையில்தான் அச்சாகி வெளிவந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமத்துத் தலித் பெண் ஒருவர் தன் வாழ்க்கையைத் தன் வீட்டுப் பேச்சிலேயே எழுதியது. "எனக்கு நல்ல தமிழ் வராது" என்று மலருக்கு எழுதத் தயங்கிய தோழியர் கட்டாயம் படிக்க வேண்டும். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' (1997), உப்பு, எண்ணெய், தேங்காய் என்று நாம் தினம் தொடுகிற பொருளுக்குள் இருக்கிற வரலாறு. பஸ்ஸில் போகும்போதே படித்து முடிக்கலாம். சித்திரைத் திருவிழாவில் பானகம் குடித்தவர்கள் அவருடைய 'அழகர் கோயி'லையும் பாருங்கள். ஆராய்ச்சிப் புத்தகம்தான், ஆனால் அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார், யார் யாருக்காக இறங்குகிறார் என்று தெரிந்துகொண்டு கூட்டத்தில் நிற்பது தனிச் சுகம். கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்று உண்டு. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், அது 2023 மார்ச்சில் திறந்தது, அந்த நூலைப் படித்துவிட்டுப் போனால் பானை ஓட்டில் கீறியிருக்கிற பெயர்களை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். ஆதன், குவிரன் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் தன் பானையில் பேர் எழுதியிருக்கிறான், நாம் மினி டிராஃப்டரில் எழுதிவைக்கிற மாதிரி!

ஜி.டி. நாயுடு பற்றிச் சிவசங்கரி எழுதிய 'அப்பா'வை நம் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சிபாரிசு செய்கிறேன். பள்ளிக்கூடத்தையே ஒழுங்காக முடிக்காத அந்தக் கோவைக்காரர் 1945-இல் ஒரு பாலிடெக்னிக்கையும் எஞ்சினியரிங் கல்லூரியையும் நடத்தினார். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளாததால் விலகிவிட்டார். லேட்டரல் என்ட்ரி கிடைத்தால்தான் மனுஷன், வெறும் டிப்ளமா என்றால் பாதி மனுஷன் என்று பேசுகிறவர்கள் யோசிக்கட்டும்.

புத்தகம் எல்லாம் எங்கே கிடைக்கும்? விலை கொடுத்து வாங்குவது நமக்குச் சிரமம்தான். 'காவல் கோட்டம்' வாங்கினால் அந்த மாதம் மெஸ் பில் துண்டு விழும்! சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-இல், காமராஜர் பிறந்த நாளன்று திறந்தார்கள். ஏ.சி. காற்றுக்காகவாவது ஒரு நாள் போங்கள். முன்பெல்லாம் பழைய பாடப்புத்தகம் வாங்கப் புது மண்டபத்துக்கு ஓடுவார்கள், இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. ரயில்வே ஸ்டேஷன் எதிரே விக்டோரியா எட்வர்ட் மன்றம் இருக்கிறதே, அங்கே ஒரு காலத்தில் பகலில் படிப்பகம், பொழுது சாய்ந்தால் ரீகல் தியேட்டர்! ஒரே கூரைக்குக் கீழே ஜேம்ஸ் பாண்டும் செய்தித்தாளும். அந்த மாதிரி ஊரில் பிறந்துவிட்டு நூலகம் போரடிக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. செல்போனில் படிக்கிறவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசம். பத்து ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பத்துப் பக்கம் ஓடிவிடும்.

ஆனால் நகரத்து நூலகம் என்பது பஸ் பாஸ் இருக்கிற பையன்களுக்குத்தான் சரி. பெண்கள் விடுதியில் ஆறு மணிக்குக் கேட் பூட்டிவிடுகிறார்கள். வகுப்பு முடிவது நாலேகால். சிம்மக்கல்லுக்குப் போய் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துத் திரும்ப எந்தப் பஸ் இருக்கிறது? கிராமத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர்களுக்கும் இதே கதைதான், கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் நடைதான். நம் கல்லூரி நூலகத்தில் பாடப்புத்தகம் தவிர்த்துத் தமிழ்ப் புத்தகம் ஒரே ஒரு தட்டு. அதிலும் பாதி, யாரோ இலவசமாகக் கொடுத்த ஜோதிடமும் சுயமுன்னேற்றமும்.

ஆகவே மாணவர் பேரவையின் முன்னால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கல்லூரி தினத்துக்கு ஸ்பீக்கர் செட்டுக்கும் லைட்டுக்கும் போகிற பணத்தில் பாதியை எடுங்கள். ஆடுவதற்கு நானும்தான் முதல் ஆளாக நிற்கிறேன், பாதி சத்தத்திலும் ஆடலாம்! அந்தப் பணத்தில் இரண்டு அலமாரி. ஒன்று பெண்கள் விடுதியில், ஒன்று ஆண்கள் விடுதியில். மேலே சொன்ன புத்தகங்களில் தொடங்கலாம், மற்றதை அவரவர் சொல்லட்டும். சாவி அலுவலகத்தில் வேண்டாம், மாசத்துக்கு ஒரு இரண்டாமாண்டு மாணவரிடம் இருக்கட்டும். அபராதம் வேண்டாம், ஒரு நோட்டில் பேரும் தேதியும் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். கொத்தனார் வேலை பார்க்கிற அப்பாவுக்கு, தறி ஓட்டுகிற அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் நாம் விட்ட தப்பை அவர்களே பிடித்துச் சொல்வார்கள்.

'காவல் கோட்டம்' மட்டும் மூன்று பிரதி வாங்குங்கள். ஒருத்தன் கையில் சிக்கினால் அந்த செமஸ்டருக்குள் திரும்பி வராது.